தெத்துப்பல் வரிசை

ஈச்சங்குடிக்காட்டில் விதைச்சோளம் ஒடித்துக் களத்தில் கொட்டி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு தை மாதத்து முற்பகலில், தைலம்மை உரித்த மக்காச்சோளக் கதிருக்குள் அவளுடைய தெத்துப்பல் இருந்தது. ஒழுங்காக வரிசை கட்டி வந்த மணிகளில் ஒரே ஒரு மணி மட்டும் பக்கத்து மணியின் தோள்மேல் ஏறி, வெளியே தலையை நீட்டிக்கொண்டு, அவள் வாயில் இடது பக்கம் மேலே எப்படி நிற்கிறதோ அப்படியே நின்றது. அடுத்த கதிரை உரித்தாள், அதிலும் இருந்தது. பக்கத்திலிருந்த அஞ்சலைக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு, பேசினால் பேச்சோடு காற்றும் கலந்து வரும். அவள் கதிர்களில் எல்லாம் நட்டநடுவே அதே சந்து. புகையிலை போடும் மருதாயியின் கதிர்களில் மணிகள் அடியில் காவியேறிக் கிடந்தன. மருதாயி தன் கதிரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போயிலையை விடச் சொல்லி இதுவரைக்கும் மனுசங்கதான் சொன்னாங்க," என்று சொல்லி, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டாள். பிறகு எல்லோரும் மிச்சக் கதிரை உரித்தார்கள், சாயங்காலம் லாரி வருமே.

விதைச்சோளம் வளர்க்கிறது தின்கிற சோளம் வளர்க்கிற மாதிரி இல்லை. நாலு வரிசை பெண், ஒரு வரிசை ஆண், மறுபடி நாலு வரிசை பெண் என்று போட வேண்டும். பெண் வரிசையில் செடியின் உச்சியில் பூக்கொண்டை கிளம்பியதும், அது விரிந்து மஞ்சள் தூள் கொட்டுவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாகப் போய் ஒன்றுவிடாமல் உருவிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் தூளைத் தானே வாங்கிக்கொண்டு விதைக்கு ஆகாத வெறும் சோளமாகிவிடும். ஒரு காலை தவறினால் காடே போச்சு. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம், விதைப்புப் பட்டம் தொடங்கும்போதே ஒவ்வொருத்திக்கும் இன்ன வரிசை என்று பிரித்துவிடுவார்கள், அதற்குள் அவளைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது, தைலம்மை வரிசை, அஞ்சலை வரிசை என்று அதற்கு அவள் பெயர்தான். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பனியில் நனைந்து, தோகை முகத்தையும் கையையும் அறுக்க அறுக்க, தன் வரிசையைத் தன் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவள்தான் பார்க்க வேண்டும். தூள் விழுந்து முடிந்ததும் ஆண் வரிசையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். இந்தக் கடைசிச் சங்கதியைப் பற்றி ஊர் ஆம்பிளைகள் பேசிக்கொள்வதே கிடையாது.

விதையை வாங்கிக்கொள்கிற கம்பெனியின் ஆபீசர் பிரதீப் மோட்டார் சைக்கிளில் வந்து, கதிரையும் பார்த்து, பெண்களின் வாயையும் பார்த்து, மறுபடி கதிரைப் பார்த்தான். நல்ல பையன்தான், வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் நெற்றியில் எப்போதும் எழுதி ஒட்டியிருக்கும்.

"இப்படி வர்றதுக்கு வழியே இல்லீங்க," என்றான். "சோளமணியைப் பிளந்தா உள்ள சின்னதா ஒரு முளை இருக்கும், மீதியெல்லாம் மாவு. முளையில அம்மா பாதி, அப்பா பாதி. மாவுல அப்படி இல்ல, அம்மா பங்கு ரெண்டு, அப்பா பங்கு ஒண்ணு. அதுலயும் சில குணம் அம்மா வழியா வந்தாத்தான் வேலை செய்யும், அதே குணம் அப்பா வழியா வந்தா வாயை மூடிக்கிட்டுக் கிடக்கும். சிலது நேர்மாறு. அப்பா வழி வந்தது 'எனக்கு இன்னும் குடு, இன்னும் குடு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அம்மா வழி வந்தது, 'கொஞ்சம் இரு, கதிர்ல மத்த பிள்ளைங்களும் இருக்கு'ன்னு இழுத்துப் பிடிக்கும். அந்த இழுபறி சரியா இருந்தாத்தான் மணி பால் பிடிக்கும், எது மீறினாலும் சாவிதான், உள்ள ஒண்ணுமில்லாத பதரு. ஆனா அம்மான்னா செடிங்க. கொண்டை ஒடிச்சவங்க கணக்குலயே இல்ல."

"இந்த இழுபறி எங்க வீட்லயும் நடக்குது சார், அதுக்குப் போயி இவ்வளவு படிச்சீங்களா?" என்றாள் மருதாயி.

தைலம்மை மட்டும் கதிரைக் கீழே வைக்காமல் கேட்டாள். "அந்த மாவைத் தின்னுதான சார் முளை வளரும்?"

"ஆமாங்க. அதுவா இலை விட்டு வெயில்ல நிக்கிற வரைக்கும் அதுக்கு வேற சோறு ஏது?"

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கதிரை எடுத்தாள்.

ஊர் இதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது, பழகிக்கொள்ளாமல் என்ன செய்வது, ஆடு மேய்க்கணும், ரேசன் கடைக்குப் போகணும், காது குத்துக்கு மொய் வைக்கணும். காய்ச்சலில் போய்ச்சேர்ந்த வெள்ளச்சியின் வரிசைக் கதிரில் அவளுடைய சின்னச் சின்னப் பற்கள் நெருக்கியடித்து நின்றதைப் பார்த்த அவள் புருசன், யாரையும் கேட்காமல் ஒரு கதிரைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுவரை நல்லதுதான். ஆனால் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் களத்துக்கு வந்து, அந்தப் பெண்ணின் வரிசைக் கதிரை உரித்துப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு காட்டுப் பக்கமே வரவில்லை. அதிசயம் எதுவானாலும் அதைத் தூக்கிக்கொண்டுவந்து கடைசியில் பொம்பளை தலையில்தான் இறக்குவார்கள், ஈச்சங்குடிக்காடு மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தது.

காட்டின் சொந்தக்காரர் கலியபெருமாள், அவரேதான் ஊர் நாட்டாமை, ஊரில் பாதிப் பேருக்கு மாமா, மீதிப் பேருக்குப் பெரியப்பா. அவருக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல். என் மண்ணு, என் தண்ணி, என் எரு, இதில் கூலிக்கு வந்தவள்கள் பல்லு என்னத்துக்கு என்று நினைத்து, அடுத்த பட்டத்தில் ஒரு வரிசையைத் தன் பெயருக்கு ஒதுக்கிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே போய்க் கொண்டை ஒடித்தார். அவர் வரிசைக் கதிர்களை உரித்தபோது ஒன்றில்கூட ஒரு மணி இல்லை, வெறும் ஈறு மாதிரி வழவழவென்று சிவந்த நெட்டி. அன்றைக்குத்தான் நாட்டாமைக்குப் பல்செட் என்பது ஊருக்குத் தெரிந்தது, அவர் பெண்சாதிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று மருதாயி சத்தியம் செய்வாள்.

அந்தப் பட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே கம்பெனி தன் வேலையைக் காட்டிவிட்டது. வரிசைக்கு வரிசை மணி வேறவேறயா இருந்தா விதை ஒரே சீரா இல்லைன்னு வெளியூர்ல எடுக்க மாட்டாங்க என்று சொல்லி, சோளத்தைச் சரி பண்ணத் தெரியாத புண்ணியவான்கள், பொம்பளைகளின் வாயைச் சரி பண்ண ஒரு வேனை அனுப்பினார்கள். இலவசப் பல் முகாம் என்று பச்சைத் துணி கட்டி, உள்ளே சாய்கிற நாற்காலி, முகமூடி போட்ட ஆள், வெளியே வரிசையில் நிற்கிறவளுக்கெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பா. எதுக்கு வந்திருக்கிறோம் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை, அதுதான் கொடுமை. உட்காராதவளுக்கு அடுத்த பட்டத்தில் வரிசை இல்லை என்று மைக்கில் சொன்னார்கள். அஞ்சலையின் சந்தை வெள்ளையாக எதையோ வைத்து அடைத்தார்கள். மருதாயியின் காவியைச் சுரண்டினார்கள். கோணல் பல்காரிகளுக்கு மரமரக்க ஊசி போட்டுப் பிடுங்கி எடுத்தார்கள், அவர்கள் கருவேல மரத்தடியில் குந்தி ரத்தம் துப்பிக்கொண்டே டப்பாவைத் திறந்து பார்த்தார்கள், டப்பாவுக்குள் ஒன்றும் இல்லை.

தைலம்மை நாற்காலியில் ஏறவில்லை.

"இது எங்கம்மா பல்லு சார். எடுக்கணும்னா அவங்களைக் கேட்டுட்டு எடுங்க, சுடுகாட்டுலதான் இருக்காங்க," என்று பிரதீப்பிடம் சொல்லிவிட்டு டப்பாவையும் வாங்காமல் வந்துவிட்டாள். ஒரு கொண்டையைக்கூடத் தவறவிடாத கைக்காரி என்பதால் அவளை ஒதுக்க முடியவில்லை; வேலியோரம் முள் கிழிக்கிற வரிசையைக் கொடுத்தார்கள்.

அடுத்த அறுவடையில் நடந்ததை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல் பிடுங்கியவர்களின் கதிர்களில் அந்தந்த இடத்தில் ஒரு மணி விழுந்த பள்ளம். அஞ்சலையின் கதிர்களில் நடுவில் ஒரு வெள்ளை மணி, கடித்தால் சுண்ணாம்பு. கம்பெனி அதைக் கிளி தின்றது என்று எழுதிக்கொண்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆசைத்தம்பி ஊருக்கு வந்தான். தைலம்மையின் புருசன், அதாவது தாலி கட்டியவன். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போகிறேன் என்று போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகி, பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்கக்கூட ஒரு போன் போடாதவன். பிள்ளை இலக்கியாவுக்கு இப்போது நாலாம் வகுப்பு. அவனுக்கு அங்கே பிள்ளை தங்கவில்லை, எங்க ரத்தம் எங்க வீட்டுக்கு வரணும் என்று அவன் அம்மா படுக்கையில் விழுந்து அழுகிறாளாம். ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு கவுனும் வாங்கி வந்திருந்தான், கவுன் இலக்கியாவின் தோளுக்குமேல் ஏறவில்லை, பிள்ளை என்ன உயரம் இருக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும். அவன் பல் மட்டும் நூல் பிடித்து வைத்த மாதிரி அப்படி ஒரு நேர், அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

மாரியம்மன் கோயில் புளியமரத்தடியில் ஊர் கூடியது.

"மாமா, நான் ஒண்ணும் புதுசாக் கேக்கலை," என்றான் ஆசைத்தம்பி. "நிலம் எங்க கிடந்தா என்ன, விதைச்சவன் நான். என் பயிரை நான் கேக்கறேன்."

உட்கார்ந்திருந்த தலைகள் ஆடின. கலியபெருமாளின் தலையும் ஆடியது. அவர் காட்டில் எத்தனையோ பேர் விதைத்திருக்கிறார்கள், ஒருத்தனாவது நான் விதைத்தேன், விளைச்சல் என்னுது என்று கேட்டிருந்தால் மரத்தில் கட்டிவைத்து உரித்திருப்பார். அங்கே நிலம் யாருதோ அவருடையது வெள்ளாமை. பொம்பளை நிலமாகும்போது மட்டும் சட்டம் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும், அதற்குப் பெயர் முறை, சம்பிரதாயம், ஊர்க்கட்டு.

அப்போதுதான் அஞ்சலை எழுந்தாள். நல்ல மனசோடுதான் எழுந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். "காட்டுலயே பாத்தாச்சே பெரியப்பா, யாரு கைபட்டு வளந்துச்சோ அவ பல்லுதான வருது. பாப்பாவுக்கு அந்த எடத்துப் பால்பல்லு இப்பத்தான் விழுந்திருக்கு. புதுப்பல்லு வரட்டும். தைலம்மை பிள்ளைன்னா தெத்துப்பல்லு வராமயா போயிரும்?"

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். தங்கள் பக்கம் பேச முதல் முறையாக ஒரு சாட்சி கிடைத்த சந்தோசம் அவர்களுக்கு. ஆசைத்தம்பியும் யோசித்துவிட்டு, "எனக்குச் சம்மதம், நேராப் பல்லு வந்தா எங்க வீட்டுப் பிள்ளை," என்று சிரித்தான். கலியபெருமாளுக்கு அன்றைக்கே தீர்ப்புச் சொல்கிற தொல்லை விட்டது. பல் முளைக்கட்டும் என்று ஊர் கலைந்தது. தைலம்மையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, இலக்கியாவிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு பாருங்கள், அந்தப் பிள்ளையின் வாய் ஊர்ச் சொத்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவள் தாடையைப் பிடித்துத் தூக்கி "எங்க, ஆ காட்டு" என்பாள். கடைக்காரர் மிட்டாயைக் கொடுத்துவிட்டு வாயைப் பார்ப்பார். கோயிலில் தெத்துப்பல் வர வேண்டிப் பெண்கள் மாவிளக்குப் போட்டார்கள், மருதாயி புகையிலையை விடுவதாகவே நேர்ந்துகொண்டாள், அதைவிடப் பெரிய காணிக்கை அவளிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று பல்லு பல்லு என்று கத்தினார்கள். இலக்கியா முதலில் சிரிப்பை நிறுத்தினாள், அப்புறம் பேச்சைக் குறைத்தாள், அப்புறம் சோறு தின்னும்போதுகூட ஒரு கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

தைலம்மை தினமும் காலையில் வாசல் வெளிச்சத்தில் அவளை நிறுத்திப் பார்த்தாள். ஈறு வெளுத்தது, வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது, முனை இறங்கியது, இறங்கி ஒரு கோணல் இல்லாமல், ஒரு சாய்வு இல்லாமல், பக்கத்துப் பல்லோடு அணைந்து அப்பன் பல்லு மாதிரியே நேராக நின்றது. அதைப் பார்த்ததும் பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஊரே தனக்காக நேர்ந்துகொண்டிருக்கிறது, ஊர் நம்பிய அந்தப் பல்லே தன் பிள்ளையைக் கொண்டுபோய்த் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றப்போகிறது.

"அம்மா, நான் நாக்கால தள்ளிக்கிட்டே இருக்கேன்," என்றாள் இலக்கியா. "ராத்திரியெல்லாம் தள்ளுறேன். கொஞ்ச நாள் பொறுத்தாக் கோணலாயிரும்மா."

அதுவரை பயந்துகொண்டிருந்த தைலம்மைக்கு அந்த இடத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரிக்க முடியாத கோபம், ஆசைத்தம்பி மேல், நாட்டாமை மேல், வேனில் வந்தவன் மேல், நல்ல மனசோடு எழுந்த அஞ்சலை மேல், கதிருக்குள் போய் முளைத்துத் தொலைத்த தன் பல்லின் மேல்கூட.

"தள்ளாத," என்றாள். "உன் பல்லு நல்லாத்தான் இருக்கு. வாயை மூடிக்க. நான் சொல்ற வரைக்கும் எவனுக்கும் திறக்காத."

மூன்றாவது பட்டத்தில், காட்டில் கொண்டை கிளம்பி நிற்கிற நேரத்தில், பல் முளைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஆசைத்தம்பி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான், அடுத்த பஸ்ஸில் பிள்ளையோடு திரும்ப வேண்டுமாம். கலியபெருமாள் அங்கேதான் தப்புப் பண்ணினார். வாயைத் திறந்து பார்க்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, பார்த்துவிட்டு அப்படியே பொம்பளைகளைக் காட்டுக்கு ஓட்டிவிடலாம் என்று நினைத்து, வெயில் ஏறுமுன்னே புளியமரத்தடியில் கூட்டத்தைப் போட்டார். பெண்கள் எல்லோரும் ஆம்பிளைச் சட்டையும் தலைத்துண்டுமாக, வேலைக்குப் போகிற கோலத்தில் வந்து நின்றார்கள்.

"இங்க வா பாப்பா. வாயைத் திற," என்றார் கலியபெருமாள்.

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். தைலம்மை தன் உள்ளங்கையால் பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

"திறக்க மாட்டா மாமா."

"ஏன், பல்லு வரலையா?"

"வந்திருக்கு. ஆனா காட்ட மாட்டா. பல்லைப் பிடிச்சுப் பாத்துக் கயிறு மாத்த இது மாட்டுச் சந்தையா?"

"ஊரு ஒத்துக்கிட்ட விசயம்மா இது," என்றார் அவர்.

"ஊருதான் ஒத்துக்கிச்சு, நான் எங்க ஒத்துக்கிட்டேன்? பல்லைப் பாத்துத்தான் சொந்தம்னா உங்க பல்லு யாருக்குச் சொந்தம் மாமா, டவுன்ல செட்டுப் பண்ணிக் குடுத்தாரே அந்த டாக்டருக்கா?" கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தைலம்மை நிறுத்தவில்லை. "அந்த ஆபீசர் சொன்னாரு, முளையில அப்பன் பாதி. இருக்கட்டும், எடுத்துக்கட்டும், மூக்கு அவன் மூக்கு, காது அவன் காது, பல்லும் அவன் பல்லாவே இருக்கட்டும். மாவு யாருது? பேதி வந்தப்ப ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கிடந்தது யாரு? சோளத் தோகை கிழிச்ச கையால இவளுக்குச் சோறு ஊட்டுனது யாரு? அதெல்லாம் எந்தப் பல்லுல தெரியும், காட்டுங்க பாப்போம். இவளை வாயைத் திற, வாயைத் திறன்னு இத்தனை நாளு சொன்னீங்களே, ஒரு தடவையாவது பேசுன்னு சொன்னீங்களா?"

பிள்ளையின் பல் நேர் என்று சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆசைத்தம்பிக்கும் புரிந்தது, சிரித்துக்கொண்டே எழுந்து, "அப்புறம் என்ன மாமா, முடிஞ்சுது," என்று பிள்ளையின் கையைப் பிடிக்க வந்தான்.

அஞ்சலை குறுக்கே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயிலிருந்த வெள்ளை அடைப்பை விரலால் நெம்பிப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, பழையபடி காற்றோடு சொன்னாள். "நான் சொன்னது தப்பு. பல்லுப் பேச்சே எடுத்திருக்கக் கூடாது. பெரியப்பா, பிள்ளை யாருதுன்னு சொல்லுங்க, அதுக்கப்புறம் காட்டுக்குப் போறோம்."

மருதாயி உட்கார்ந்தாள். பல் பிடுங்கப்பட்டவர்கள் உட்கார்ந்தார்கள். சட்டையும் துண்டுமாக எல்லோரும் அந்தப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், ஆசைத்தம்பிக்குக் கால் வைக்க இடமில்லை. கலியபெருமாள் அதட்டினார், கெஞ்சினார், தாய் பிள்ளையா பழகிட்டு இப்படிப் பண்ணலாமா என்றார். வெயில் புளிய இலைக்குள் இறங்கியது. காட்டுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த பிரதீப் வண்டியை நிறுத்தாமலே கத்தினான். "அண்ணே, பெண் வரிசையில கொண்டை விரிய ஆரம்பிச்சிருச்சு."

அவன் சட்டையிலும் புருவத்திலும் மஞ்சள் தூள் இருந்தது. கலியபெருமாள் காட்டைப் பார்த்தார், உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்தார், மறுபடி காட்டைப் பார்த்தார். காற்று லேசாகக் கிளம்பி இருந்தது.

"சரி, பிள்ளை ஆத்தாகிட்டயே இருக்கட்டும், எழுந்திரிங்க," என்றார்.

"எதனாலன்னு சொல்லுங்க மாமா," என்றாள் தைலம்மை.

"எதனாலவா? காட்டுக்கு நேரமாச்சு, அதனால. எழுந்து ஓடுங்கடி."

அவ்வளவுதான் தீர்ப்பு. பெற்றவள் என்று சொல்லவில்லை, வளர்த்தவள் என்று சொல்லவில்லை, நியாயம் என்கிற ஒரு சொல் அந்தப் பல்செட்டைத் தாண்டி வெளியே வரவே இல்லை. ஆசைத்தம்பி இந்தத் தடவையும் கொண்டுவந்திருந்த அந்தக் கவுனைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தான். பெண்கள் காட்டுக்கு ஓடினார்கள், பாதிக் கொண்டை விரிந்திருந்தது, விரியாததை உருவினார்கள், விரிந்ததையும் உருவினார்கள். காடு தப்பித்ததா இல்லையா என்பது கதிரை உரித்தால்தான் தெரியும் என்றான் பிரதீப்.

உரிக்க முடிந்தால்தானே. அந்தத் தையில் பெண்களைக் கூப்பிடாமல் வெளியாட்களை வைத்துக் கதிரை ஒடித்துக் களத்தில் கொட்டியபோது ஒரு கதிரின் மட்டைகூடப் பிரியவில்லை. கலியபெருமாள் உரித்துப் பார்த்தார், அரிவாளால் கீறிப் பார்த்தார், மட்டை அரிவாளை வழுக்கிவிட்டது. டவுனிலிருந்து மிசின் கொண்டுவந்து போட்டார்கள், மூடிய கதிராகவே உள்ளே போய் மூடிய கதிராகவே வெளியே வந்து விழுந்தது. மொத்தக் காடும் வாயை மூடிக்கொண்டது. லாரி நின்றுகொண்டிருந்தது, பிரதீப் போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் பெண்களைத்தான் கூப்பிட்டுவிட்டார்கள், யார் வரிசையை யார் பார்த்தார்களோ அவர்களே வரட்டும் என்று.

தைலம்மை இலக்கியாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வேலியோர வரிசைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கதிரை எடுத்து மடியில் வைத்து, நுனியிலிருந்த காய்ந்த நூலைத் தடவிக் கொடுத்தாள். மட்டை அவள் கைக்கு நெகிழ்ந்தது. கொஞ்சமாக விலக்கி உள்ளே பார்த்தாள், பக்கத்தில் குனிந்து இலக்கியாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு மட்டையை மறுபடி மூடிவிட்டாள்.

கலியபெருமாள் கழுத்தை நீட்டினார். "என்னம்மா இருக்கு உள்ள? தெத்தா, நேரா?"

"மாவு இருக்கு மாமா," என்றாள் தைலம்மை.

இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை வாயை நோக்கி எழுந்தது, பாதி வழியில் அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், பிள்ளை களத்தில் இத்தனை பேர் பார்க்க வாயைத் திறந்து சிரித்தாள்.